எந்த ராஜராஜன்? எந்த ராஜேந்திரன்? எந்தக் குலோத்துங்கன்? சோழர் பெயர்க் குழப்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கோயில் பார்க்க வருகிறவர்களோடு சேர்ந்து சுற்றுவது என் வழக்கம். கல்வெட்டுக்கு முன்னால் நின்றதும் ஏறக்குறைய எல்லோரும் இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். ஆட்சி ஆண்டுகள் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி வகுத்த வரிசையை ஒட்டியவை. வேறு ஆய்வாளர்களிடம் ஓரிரு ஆண்டு முன்பின்னாக இருக்கும்.

ராஜராஜ சோழன்னா ஒருத்தர்தானே? அது என்ன முதலாம், மூன்றாம்?

மூன்று பேர். முதலாம் ராஜராஜன் 985 முதல் 1014 வரை ஆண்டவர், தஞ்சைப் பெரிய கோயில் அவருடையது. இரண்டாம் ராஜராஜன் 1146–1173, தாராசுரம் கோயில் இவருடையது. மூன்றாம் ராஜராஜன் 1216–1256. முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவில் இருநூறு ஆண்டு இருக்கிறது.

ராஜேந்திரன்களும் மூவர்: 1012–1044, 1052–1063, 1246–1279. குலோத்துங்கன்களும் மூவர்: 1070–1122, 1133–1150, 1178–1218. இவர்கள் போக ராஜாதிராஜன் இருவர், பராந்தகன் இருவர், ஆதித்தன் இருவர். ஆக, "ராஜேந்திர சோழன் கட்டியது" என்று வெறுமனே ஒருவர் சொன்னால் அது 11ஆம் நூற்றாண்டாகவும் இருக்கலாம், 13ஆம் நூற்றாண்டாகவும் இருக்கலாம்.

அவங்களே "முதலாம்", "இரண்டாம்"னு போட்டுக்கிட்டாங்களா?

இல்லை. எந்தச் சோழக் கல்வெட்டிலும் அப்படி வராது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹூல்ஸ், வெங்கையா போன்ற கல்வெட்டறிஞர்கள் படியெடுத்துப் படிக்கத் தொடங்கிய பிறகு, அடையாளத்துக்காகக் கொடுத்த எண்கள் இவை. அதனால் பழைய புத்தகங்களில் எண் மாறியிருப்பதும் உண்டு. முதலாம் குலோத்துங்கனையே "இரண்டாம் ராஜேந்திரன்" என்று எழுதியவர்கள் இருந்தார்கள். காரணம் கீழே குலோத்துங்கன் கேள்வியில் வருகிறது.

ஏன் ஒரே பேரையே திரும்பத் திரும்ப வெச்சாங்க? வேற பேரே கிடைக்கலையா?

முதலில் ஒன்று: ராஜராஜன், ராஜேந்திரன் என்பவை தொட்டிலில் வைத்த பெயர்கள் அல்ல. முதலாம் ராஜராஜனின் இயற்பெயர் அருமொழி, அவர் மகன் ராஜேந்திரனின் இயற்பெயர் மதுராந்தகன். அரசேறும்போதோ அதற்குப் பின்னரோ சூடிக்கொண்ட பெயர்கள்தான் நிலைத்துவிட்டன. ஆனால் அடுத்த தலைமுறைகளில் அவையே பிள்ளைக்கு வைக்கும் பெயர்களாகிவிட்டன. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வீடுகளில் இன்றும் உள்ளதுதானே.

இதில் பலர் கவனிக்காதது, அம்மா வழித் தாத்தா பெயரும் வந்தது என்பது. முதலாம் ராஜராஜனின் மகள் குந்தவை, வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய அரசன் விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டார். அவர்கள் மகன் பெயர் ராஜராஜ நரேந்திரன். அந்த நரேந்திரன், ராஜேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கள் மகன் பெயர் ராஜேந்திரன். சோழப் பெயர்கள் கோதாவரிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

கடைசிக் காலத்தில் வேறொரு காரணமும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 13ஆம் நூற்றாண்டில் நாடு சுருங்கிக்கொண்டே வரும்போது அடுத்தடுத்து ஆண்ட இருவர் ராஜராஜன், ராஜேந்திரன் என்று பழைய வரிசையிலேயே பெயர் சூடினார்கள். பழைய பெருமையைப் பெயரிலாவது நிறுத்திவைக்கப் பார்த்திருக்கலாம்.

கல்லணை கட்டின கரிகாலனும், ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலனும் ஒருத்தர்தானா?

இல்லவே இல்லை. "பொன்னியின் செல்வன்" நாவல் படித்தவர்களும் படம் பார்த்தவர்களும் அதிகம் கேட்கும் கேள்வி இது. கல்லணையோடு சேர்த்துச் சொல்லப்படும் கரிகாலன் சங்க காலத்தவர். வெண்ணிப் போரில் வென்றவர், பட்டினப்பாலையின் பாட்டுடைத் தலைவர். ஆதித்த கரிகாலன் 10ஆம் நூற்றாண்டு. சுந்தர சோழனின் மூத்த மகன், "பாண்டியன் தலைகொண்ட கரிகாலன்" என்று சொல்லப்பட்டவர், பட்டத்துக்கு வரும் முன்பே கொல்லப்பட்டவர். அந்தக் கொலைக்காகத் துரோகிகளின் உறவினர் சொத்துகளைப் பறிமுதல் செய்த செய்தி, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. இரு கரிகாலன்களுக்கும் இடையே பல நூறு ஆண்டுகள்.

இந்தப் பெயர்க் குழப்பம் பெரிய கோயிலையே பாதித்திருக்கிறது. தலபுராணம் அந்தக் கோயிலைத் தொழுநோய் நீங்கிய கரிகாலன் என்ற சோழன் கட்டியதாகக் கதை சொல்கிறது. கல்வெட்டுகள் படிக்கப்பட்ட பிறகுதான் ராஜராஜன் பெயர் மக்களிடம் மறுபடி வந்து சேர்ந்தது.

பெரிய கோயில்லயும் "ராஜராஜேச்சரம்", தாராசுரத்துலயும் "ராஜராஜேச்சரம்"னு சொல்றீங்களே?

இரண்டுமே ராஜராஜேச்சரம்தான். கட்டிய அரசன் பெயரோடு "ஈச்சரம்" சேர்த்துக் கோயிலுக்கு வைப்பது அக்கால வழக்கம். தஞ்சையில் முதலாமவர், தாராசுரத்தில் இரண்டாமவர். தாராசுரத்தில் தேர் போல் குதிரையும் சக்கரமும் செதுக்கிய முன்மண்டபத்துக்கு ராஜகம்பீரன் திருமண்டபம் என்று பெயர். ராஜகம்பீரன் என்பது இரண்டாம் ராஜராஜனின் பட்டப்பெயர், முதலாமவருக்கு அது கிடையாது.

தஞ்சைக் கோயில் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல்தான் அதோடு இணைந்தன. மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் "அப்பா, மகன், பேரன்" என்று வரிசை சொல்லிவிடுகிறார்கள். தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் அப்பா–மகன், சரி. தாராசுரம் அவற்றுக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்தியது.

"25ஆம் ஆண்டு 275ஆம் நாள்"னு கல்வெட்டுல இருக்கு. அதை எப்படி 1010னு சொல்றீங்க?

அரசன் பட்டமேறியதிலிருந்து எண்ணுவதுதான் சோழர் கணக்கு. முதலாம் ராஜராஜன் பட்டமேறியது 985 நடுவில், ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையில். அப்படியானால் அவருடைய 25ஆம் ஆண்டு 1009 நடுவில் தொடங்கும். அதில் 275ஆம் நாள் 1010 பங்குனி–சித்திரை வாக்கில் வரும். அன்றுதான் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தார். குடத்தின் நிறை 3083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு என்று கணக்கும் அங்கேயே வெட்டியிருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கு எந்த ராஜராஜன் என்று தெரிந்தால்தான் பலிக்கும். அதே "25ஆம் ஆண்டு" இரண்டாமவருக்கு 1170 வாக்கு, மூன்றாமவருக்கு 1240 வாக்கு.

ராஜேந்திரன் 1012ல ஆட்சிக்கு வந்தாரா, 1014லயா? ஒவ்வொரு புத்தகமும் ஒண்ணு சொல்லுதே.

இரண்டும் சரிதான். 1012இல் தந்தை இருக்கும்போதே இளவரசுப் பட்டம் கட்டிக்கொண்டு சேர்ந்து ஆண்டார், தன் ஆட்சியாண்டையும் அப்போதிருந்தே எண்ணினார். 1014இல் தனியரசர் ஆனார். இப்படிச் சேர்ந்து ஆள்வது சோழரிடம் வழக்கம். ராஜாதிராஜன் 1018இலேயே தந்தையோடு ஆளத் தொடங்கிவிட்டார். அதனால் ஒருவரது முடிவும் அடுத்தவரது தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைப் பார்த்துப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

ராஜகேசரி, பரகேசரின்னு போட்டிருந்தா ஆளைக் கண்டுபிடிச்சிடலாமாமே?

பாதி உண்மை. சோழர்கள் இந்த இரண்டு பட்டங்களையும் மாற்றி மாற்றிச் சூடினார்கள். முதலாம் ராஜராஜன் ராஜகேசரி, மகன் ராஜேந்திரன் பரகேசரி, அவர் மகன் ராஜாதிராஜன் ராஜகேசரி, இப்படிப் போகும். பெயரோடு சேர்த்துப் பார்த்தால் ராஜராஜன்களில் முதலாமவரும் மூன்றாமவரும் ராஜகேசரி, இரண்டாமவர் பரகேசரி. குலோத்துங்கன்களில் முதல் இருவர் ராஜகேசரி, மூன்றாமவர் பரகேசரி. ராஜேந்திரன் மூவருமே பரகேசரி, அங்கே இந்தப் பட்டம் உதவாது.

பெயரே இல்லாமல் "கோராஜகேசரி யாண்டு 5" (யாண்டு என்றால் ஆட்சியாண்டு) என்று மட்டும் இருந்தால் இன்னும் கஷ்டம். முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், ராஜராஜனின் தொடக்க ஆண்டுகள் என நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். அப்போது எழுத்தமைதி (எழுத்துகளின் வடிவம்), அதில் வரும் அதிகாரிகளின் பெயர், கோயிலின் கட்டட அமைப்பு என்று வேறு வழிகளில்தான் போக வேண்டும். பிற்காலக் கல்வெட்டுகளில் இந்தப் பட்டங்கள் மாறி வெட்டப்பட்ட இடங்களும் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர் கோயில்ல "திரிபுவனச் சக்கரவர்த்திகள் ஸ்ரீராஜராஜ தேவர்க்கு யாண்டு 5"னு இருக்கு. பெரிய கோயில் கட்டினவர்தானே?

பெரும்பாலும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். "திரிபுவனச் சக்கரவர்த்தி" என்ற பட்டம் முதலாம் குலோத்துங்கன் காலத்திலிருந்துதான் வழக்கமாக வருகிறது. ஆகவே உங்கள் ராஜராஜன் இரண்டாமவர் அல்லது மூன்றாமவர். முந்தைய கேள்வியில் சொன்னபடி, பக்கத்தில் பரகேசரி இருந்தால் இரண்டாமவர், ஆண்டு 1150 வாக்கு. ராஜகேசரி இருந்தால் மூன்றாமவர், 1220 வாக்கு.

ஆட்சியாண்டின் எண்ணும் உதவும். குலோத்துங்கன் பெயரில் யாண்டு 45 என்று இருந்தால் அது முதலாமவர் மட்டுமே, மற்ற இருவரும் அத்தனை ஆண்டு ஆளவில்லை. ராஜராஜன் பெயரில் யாண்டு 35 என்றால் மூன்றாமவர். ராஜேந்திரன் பெயரில் யாண்டு 20 என்றால் இரண்டாமவரை நீக்கிவிடலாம், அவர் ஆண்டது பன்னிரண்டு ஆண்டுக்குள்தான்.

மெய்க்கீர்த்தி பார்த்தா சுலபமா தெரிஞ்சிடுமா?

இருந்தால் அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. கல்வெட்டின் தலைப்பில் அரசனின் வெற்றிகளைப் பாட்டாகச் சொல்வதுதான் மெய்க்கீர்த்தி. தொடக்கச் சொற்கள் ஆளுக்கு ஆள் மாறும். "திருமகள் போல" என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன், "திருமன்னி வளர" முதலாம் ராஜேந்திரன், "புகழ்மாது விளங்க" முதலாம் குலோத்துங்கன், "பூமருவிய திருமாதும்" இரண்டாம் ராஜராஜன், "புயல்வாய்த்து வளம்பெருக" மூன்றாம் குலோத்துங்கன். இந்த ஐந்தைத் தெரிந்துகொண்டாலே கோயில் சுவரில் பாதி வேலை முடியும்.

"காந்தளூர்ச் சாலை கலமறுத்த", "கங்கையும் கடாரமும் கொண்ட", "சுங்கம் தவிர்த்த" போன்ற அடைமொழிகளும் இதே வேலையைச் செய்யும். முறையே முதலாம் ராஜராஜன், முதலாம் ராஜேந்திரன், முதலாம் குலோத்துங்கன்.

அப்போ இரண்டாம் ராஜேந்திரன் என்னதான் செஞ்சார்? யாருமே பேசறதில்லையே.

பாவம், இரண்டு பக்கமும் பெரிய பெயர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர். 1054 வாக்கில் கொப்பத்தில் மேலைச் சாளுக்கியரோடு நடந்த போரில் அண்ணன் ராஜாதிராஜன் யானை மேலேயே உயிர்விட்டார். படை கலைந்து ஓடும் நிலையில் தம்பி ராஜேந்திரன் புகுந்து போரைத் திருப்பி, களத்திலேயே முடிசூடிக்கொண்டார்.

பெரிய கோயிலில் "ராஜராஜேஸ்வர நாடகம்" ஆட ஏற்பாடு செய்த கல்வெட்டும் இவர் காலத்தது, ஆறாம் ஆட்சியாண்டு. வைகாசித் திருவிழாவில் ஆடச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விஜயராஜேந்திர ஆசாரியனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல். இதைப் பலர் "ராஜேந்திரன் தன் தந்தையைப் பற்றிய நாடகம் போட்டார்" என்று கங்கைகொண்ட முதலாம் ராஜேந்திரன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இவருக்கு ராஜராஜன் தந்தை அல்ல, தாத்தா.

தாராசுரத்துல கிடைச்ச துவாரபாலகர்ல "விஜயராஜேந்திரன்"னு இருக்கே, அது யார்? நாலாவது ராஜேந்திரனா?

இன்று தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் கருங்கல் துவாரபாலகரைக் கேட்கிறீர்கள். சோழச் சிற்பங்களோடு ஒட்டாத சாளுக்கிய முகம். பீடத்தில் தமிழில், உடையார் ஸ்ரீவிஜயராஜேந்திர சோழதேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர் என்று வெட்டியிருக்கிறது. கல்யாணபுரம் என்பது இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாண், சாளுக்கியத் தலைநகர். அதை அழித்து இந்தச் சிலையைத் தூக்கி வந்தவர் முதலாம் ராஜாதிராஜன். விஜயராஜேந்திரன் என்பது அவர் பட்டப்பெயர்களில் ஒன்று.

முந்தைய பதிலில் வந்த நாடக ஆசிரியரின் "விஜயராஜேந்திர ஆசாரியன்" என்ற பட்டமும் இவர் பெயரால் வந்ததே. ராஜேந்திரன் என்ற எழுத்தைப் பார்த்ததும் ராஜேந்திரன்தான் என்று முடிவு கட்டினால் இந்த இடத்தில் சறுக்கும்.

குலோத்துங்க சோழன் தெலுங்கராமே? அவர் எப்படிச் சோழர் ஆனார்?

அவர்தான் மேலே சொன்ன வேங்கி ராஜேந்திரன். தந்தை சாளுக்கியர், சரி. ஆனால் தாய் அம்மங்கை முதலாம் ராஜேந்திரனின் மகள், தந்தையைப் பெற்ற பாட்டி குந்தவை முதலாம் ராஜராஜனின் மகள். மணந்தது இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை. ஒரு ராஜேந்திரனுக்குப் பேரன், இன்னொரு ராஜேந்திரனுக்கு மருமகன், தானும் ராஜேந்திரன். 1070இல் அதிராஜேந்திரன் சில மாதங்களே ஆண்டு இறந்ததும் இவர் சோழ அரியணை ஏறினார். ரத்தக் கணக்குப் பார்த்து "இவர் சோழரே இல்லை" என்று வாதாடுகிறவர்களிடம் இந்த உறவுகளை ஒருமுறை எழுதிக் காட்டினால் போதும்.

தொடக்க ஆண்டுகளின் கல்வெட்டுகளில் அவர் பெயர் "ராஜகேசரி ராஜேந்திர சோழன்". ராஜேந்திரன் மூவரும் பரகேசரி என்று சொன்னேன் அல்லவா? எனவே ராஜகேசரி என்ற பட்டத்தோடு ராஜேந்திரன் வந்தால் அது குலோத்துங்கனின் முதல் சில ஆண்டுகள். பழைய புத்தகங்கள் அவரை "இரண்டாம் ராஜேந்திரன்" என்றது இதனால்தான்.

ஆந்திராவுல ராஜமகேந்திரவரத்துல ஒரு ராஜராஜன் சிலை பார்த்தோம். நம்ம ஆளா?

பேரன். அவர் ராஜராஜ நரேந்திரன், குலோத்துங்கனின் தந்தை. 1022இல் முடிசூடியவர். தெலுங்கில் மகாபாரதத்தைத் தொடங்கிய நன்னயரை ஆதரித்தவர் என்பதால் அங்கே அவருக்குப் பெரிய மரியாதை.

கலிங்கத்துக்குப் போனாலும் இதே கதைதான். கீழைக் கங்கர்களிலும் மூன்று ராஜராஜன்கள் உண்டு. அவர்களில் முதலாமவர் சோழ இளவரசி ராஜசுந்தரியை மணந்தவர். அவர் மகன் அனந்தவர்மன் சோடகங்கன், பூரி ஜகந்நாதர் கோயிலைத் தொடங்கியவர். முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின் மேல் படை கொண்டு போனது இந்த அனந்தவர்மன் மீதுதான்.

குந்தவைன்னா ராஜராஜனோட அக்காதானே? சிதம்பரத்துல "ராஜராஜன் குந்தவை"ன்னு போட்டிருக்கே?

இங்கேதான் நிறையப் பேர் விழுவார்கள். குறைந்தது நாலு குந்தவைகள் உண்டு: அரிஞ்சய சோழனின் அரசி வீமன் குந்தவை, ராஜராஜனின் அக்கா, ராஜராஜனின் மகள், முதலாம் குலோத்துங்கனின் தங்கை.

பெண்களின் பெயருக்கு முன்னால் தந்தை பெயர் வருவதைப் பார்க்க வேண்டும். பெரிய கோயிலில் அக்காவைக் குறிக்கும்போது "வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார் ஆழ்வார் ஸ்ரீபராந்தகன் குந்தவையார்" என்று வருகிறது. இங்கே பராந்தகன் என்பது தந்தை சுந்தர சோழன், அதாவது இரண்டாம் பராந்தகன். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்" என்று ராஜராஜன் தன் கொடைக்கு அடுத்து வைத்த அக்கனும் இவரே.

சிதம்பரத்து "ராஜராஜன் குந்தவை" முதலாம் ராஜராஜனின் மகளாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கல்வெட்டு குலோத்துங்கனின் 44ஆம் ஆண்டு, 1114. அதில் அவர் "குலோத்துங்க சோழதேவர் திருத்தங்கையார்" என்று தெளிவாக இருக்கிறது. தந்தை ராஜராஜ நரேந்திரன். இறைவனுக்குத் தண்ணீர் அமுது செய்யப் பொன்மண்டை (பொன் பாத்திரம்) கொடுத்தவர் இவர்.

சுந்தர சோழன், சுந்தர பாண்டியன், சுந்தர சோழ பாண்டியன்... தலை சுத்துது.

சுந்தர சோழன் ராஜராஜனின் தந்தை, காலம் 957–973. சுந்தர சோழ பாண்டியன் முதலாம் ராஜேந்திரனின் மகன். பாண்டிய நாட்டை ஆள மதுரையில் உட்கார வைக்கப்பட்டவர், சோழனாகப் பிறந்து பாண்டியப் பட்டமான "சடையவர்மன்" சூடிக்கொண்டவர். தெற்கே அவர் கல்வெட்டைப் பார்த்துப் பாண்டியன் என்று நினைத்துவிடக்கூடாது.

உண்மையான சுந்தர பாண்டியன்களும் பலர். சோழரின் ராஜகேசரி–பரகேசரி போலப் பாண்டியருக்குச் சடையவர்மன்–மாறவர்மன். 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் மூன்றாம் ராஜராஜனைத் தோற்கடித்துத் தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தியவர். அப்போதும் பட்டினப்பாலைக்காகப் புலவருக்குக் கரிகாலன் கொடுத்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டதாகத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டு சொல்கிறது. (அந்தக் கரிகாலன் சங்க காலத்தவர். நாலாவது கேள்வியைப் பாருங்கள்.) 1251இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தர பாண்டியன் திருவரங்கத்தில் பொன் வேய்ந்தவர்.

ராஜராஜ சோழன் சிறையில இருந்தார்னு படிச்சேன். பொய்தானே?

மூன்றாம் ராஜராஜனைப் பற்றியது அது, உண்மைதான். காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் அவரைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்து வைத்தான். போசள (ஹொய்சள) அரசன் இரண்டாம் நரசிம்மன் 1231 வாக்கில் அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற தளபதிகளை அனுப்பி மீட்டான். கடலூர் அருகே திருவயிந்திரபுரம் கோயிலில் இந்தக் கதை முழுக்கக் கல்வெட்டாக இருக்கிறது.

கொங்குப் பக்கம் "வீரராஜேந்திரன்" கல்வெட்டு நிறைய இருக்கே, 1063ல வந்தவரா?

அவர் அல்ல. 1063–1070 காலத்து வீரராஜேந்திரன் தஞ்சைச் சோழர், கூடல்சங்கமத்தில் சாளுக்கியரை வென்றவர். கொங்கு நாட்டில் அதிகம் காணப்படுபவர் கொங்குச் சோழர் மரபைச் சேர்ந்தவர், காலம் 13ஆம் நூற்றாண்டின் முற்பாதி. போதாததற்கு மூன்றாம் குலோத்துங்கனுக்கும் வீரராஜேந்திரன் என்ற பட்டம் உண்டு. மெய்க்கீர்த்தியோ எழுத்தமைதியோ பார்க்காமல் கொங்கில் முடிவு சொல்ல வேண்டாம்.

"ராஜராஜப் பெருந்தச்சன்" ராஜாவோட சொந்தக்காரரா?

இல்லை, பட்டம். அரசன் தன் பெயரையே வேலைக்காரருக்கும் தளபதிக்கும் சிறப்பாகக் கொடுப்பான். பெரிய கோயில் தலைமைத் தச்சன் குஞ்சரமல்லன் "ராஜராஜப் பெருந்தச்சன்" ஆனார். அவருக்கு அடுத்தவர் "நித்தவினோதப் பெருந்தச்சன்", நித்தவினோதன் என்பதும் ராஜராஜனின் பட்டமே. அந்த இரண்டாம் தச்சனின் சொந்தப் பெயர் மதுராந்தகன்! இளவரசர் ராஜேந்திரனின் இயற்பெயரும் அதுதான், ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனின் பெயரும் அதுதான். திருச்சுற்று மாளிகை எடுப்பித்த தளபதி கிருஷ்ணன் ராமன் "மும்முடிச்சோழ பிரமராயன்". பெயருக்குப் பின்னால் தச்சன், பிரமராயன், மூவேந்தவேளான் என்று வந்தால் அது அரசன் அல்ல.

ராமானுஜரைத் துரத்தின குலோத்துங்கன் யாரு? முதலாமவரா, இரண்டாமவரா?

வைணவ நூல்கள் "கிருமிகண்ட சோழன்" என்று மட்டும் சொல்கின்றன. அதிராஜேந்திரன், முதலாம் குலோத்துங்கன், இரண்டாம் குலோத்துங்கன் மூவர் மேலும் ஆய்வாளர்கள் விரல் நீட்டியிருக்கிறார்கள். தில்லைக் கோவிந்தராஜர் சிலையைக் கடலில் போட்டதாக ஒட்டக்கூத்தர் பாடியது இரண்டாம் குலோத்துங்கனைப் பற்றி. ஆனால் அவர் பட்டமேறியது 1133இல். அதற்கு வெகு முன்பே ராமானுஜர் போசள நாட்டுக்குப் போய் விஷ்ணுவர்த்தனனின் ஆதரவைப் பெற்றுவிட்டார். இரண்டு வேறு சம்பவங்களை ஒரே அரசன் தலையில் கட்டியதால் வந்த சிக்கல் இது என்பது என் கருத்து. முதலாம் குலோத்துங்கன் பௌத்த விகாரத்துக்கு விட்ட கொடை, நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பெயரால் அறியப்படும் லெய்டன் சிறிய செப்பேட்டில் இருக்கிறது, அவரைச் சமய வெறியராக என்னால் நினைக்க முடியவில்லை.

லெய்டன் செப்பேடு ராஜராஜனுதுன்னு படிச்சேன், நீங்க குலோத்துங்கனுதுங்கறீங்க?

இரண்டு தொகுதி இருக்கிறது. பெரியது முதலாம் ராஜராஜன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தது. ஏடாக்கி நிலைநிறுத்தியவர் மகன் ராஜேந்திரன். அந்த விகாரம் கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் தன் தந்தை பெயரால் எடுத்தது. அதே ராஜேந்திரன்தான் 1025இல் கடாரத்தின் மேலேயே கப்பல்படை அனுப்பினார் என்பது வேடிக்கை. சிறியது முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆண்டு, 1090.

சிதம்பரத்துல கம்போஜ ராஜா கொடுத்த கல்லை வாங்கின ராஜேந்திரன் யாரு?

மேலே குந்தவையின் பொன்மண்டை வந்த அதே 1114 கல்வெட்டில்தான் இதுவும். கம்போஜ (கம்போடிய) ராஜன் "ஸ்ரீராஜேந்திர சோழதேவர்க்கு" காட்சியாகக் காட்டிய கல், அவர் சொல்படி திருச்சிற்றம்பலமுடையார் கோயிலில் வைக்கப்பட்டது என்கிறது. குலோத்துங்கனின் பழைய பெயர் ராஜேந்திரன் என்பதால் அவரே என்று ஒரு தரப்பு. கம்போஜ அரசன் நட்பு நாடி முதலாம் ராஜேந்திரனுக்குத் தேர் அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு சொல்வதால், கல்லும் அவருக்கே வந்தது, நூறாண்டு கழித்து இடம் மாற்றி வைத்தபோது எழுதினார்கள் என்று இன்னொரு தரப்பு.

நான் இரண்டாவது பக்கம். பட்டமேறி 44 ஆண்டு ஆன அரசனைச் சில வரிகளுக்கு முன் குலோத்துங்கன் என்று வெட்டிய கை, உடனே ராஜேந்திரன் என்று அவரது பழைய பெயருக்குத் தாவ ஒரு காரணமும் தெரியவில்லை. ஆனால் இதே இடத்தில் நின்று என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: முதலாம் ராஜேந்திரன் என்றால், "கங்கையும் கடாரமும் கொண்ட" என்ற அடைமொழி எங்கே?